உளவாளியைக் காட்டிக்கொடுக்கும் இசை... தெரியுமா?

அந்தமானில் நிஜமாகவே ஒரு உளவுப்படம் நடந்தது, தெரியுமா? 1943 ஜனவரி. தீவுகள் ஜப்பானியர் கையில். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) போலீஸ் அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி, டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து ஒரு சின்னக் குழுவோடு ரகசியமாகக் கரையேறினார். தான் அதிகாரம் செலுத்திய ஊரைத் தானே ஒளிந்திருந்து வேவு பார்க்க! சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் டிரம்பெட் அலறியிருக்கும்.

நிஜத்தில் அந்த வசதி இல்லை. படத்தில் எவன் உளவாளி என்று இசை நம் காதில் போட்டுவிடும். தீவிலோ சந்தேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது. 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை உளவாளிகள் என்று சொல்லி ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள்.

அதே போர்க்காலம், இந்தப் பக்கம் சென்னை. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் குண்டு போட்டதே, அந்தச் சமயத்தில் நடப்பதாகத்தான் ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’ (1954) கதை. ஜப்பானுக்கு வேவு பார்க்கும் ரேடியோ என்ஜினீயர் ராஜனாக சிவாஜி! (எழுபது வருஷம் ஆகிவிட்டது, இதைச் சொல்லலாம். யார் சுட்டது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.) படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. தமிழ் சினிமா பாட்டிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலத்தில்! எடுத்தவர் யார் தெரியுமா? வீணை எஸ்.பாலசந்தர்! அப்போது அவருக்கு வயது 27. சங்கீதம் தெரியாதவர் பாட்டை விட்டால் அது வேறு. மேதை ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்குகிறார்! என் கணக்கு இதுதான்: நம் படங்களில் கதாநாயகன் மனதைத் திறக்கும் இடம் பாட்டு. ராஜன் மனதைத் திறந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இதற்கு நேர் எதிர் ‘விக்ரம்’ (1986). இளையராஜா இசையில் கமலே சொந்தக் குரலில் தன் பெயரைச் சொல்லிப் பாடுகிறார். ரகசிய ஏஜென்டுக்கு இது அடுக்குமா என்று யாருமே கேட்கவில்லை. அந்த மெட்டின் வேகம் கேட்க விடாது!

சரி, ஜேம்ஸ் பாண்ட் மெட்டு? 1962-ல் ‘டாக்டர் நோ’வுக்காக விக் ஃபிளிக் கிட்டாரில் வாசித்தது. அடியில் ஊர்ந்துகொண்டே இருக்கும் நகர்வை நம் ஸ்வரத்தில் பாடிப் பாருங்கள்: பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறி, ஏறிய வழியே திரும்புகிறது. எங்கும் போய்ச் சேருவதில்லை. இருட்டில் நுனிக்காலில் நடக்கும் ஆள் அதில் தெரிகிறான் இல்லையா? ஆபத்தும் தெரிகிறது, அவன் அலட்டிக்கொள்ளாததும் தெரிகிறது. ஒரு வசனம் இல்லாமல்!

இதைவிட ஆச்சரியம், மெட்டு பிறந்த இடம். வி.எஸ்.நைபாலின் ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை இசை நாடகமாக்க மான்ட்டி நார்மன் ஒரு பாட்டுப் போட்டிருந்தார். நாடகம் மேடை ஏறவில்லை. டிரினிடாட் இந்தியன் ஒருவன் தன் தும்மல் அபசகுனம் என்று புலம்பும் பாட்டு அது! அந்த மெட்டைத்தான் நார்மன் பாண்டுக்கு மாற்றிக்கொடுத்தார். அதற்கு மிடுக்கு ஏற்றியது ஜான் பேரியின் வாத்திய அமைப்பு.

இன்னொன்று தெரியுமா? 1983-ல் வந்த ‘ஆக்டோபஸி’யில் ரோஜர் மூர் உதய்ப்பூரில் வந்து இறங்குகிறார். படித்துறையில் ஒரு பாம்பாட்டி மகுடியில் ஊதுவது சாட்சாத் பாண்ட் மெட்டேதான்! ‘நான் உங்க ஆள்’ என்பதற்கு அதுதான் சங்கேதம். மகுடிக்காரர் வேறு யாருமில்லை, நம்ம சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்!