ஊரில் அரை ஏக்கர்... சென்னையில் அரை சென்ட்! அடுக்குமாடி வீட்டில் மண் எவ்வளவு சொந்தம்?

கீழப்பாவூர்,

கீழப்பாவூர், பாவூர்சத்திரம் பக்கம் இருந்து சென்னைக்குப் போய் கடை வைத்தவர்கள், ஐ.டி. வேலையில் சேர்ந்தவர்கள் ஏராளம். மகன் அங்கே அடுக்குமாடியில் வீடு வாங்குகிறான் என்றதும், இங்கே வயலை விற்றுப் பணம் அனுப்பும் அப்பாக்களும் உண்டு.

தென்காசி கோவில் ராஜகோபுரம் சுமார் 180 அடி. சென்னை அண்ணாசாலையில் 1959-ல் திறந்த 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடம் 177 அடி. அதையே அப்போது ஊரில் இருந்து போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இன்றைக்கு பழைய மகாபலிபுரம் சாலையில் எகட்டூர் பக்கம் 40 மாடியைத் தாண்டி குடியிருப்பே வந்துவிட்டது.

பிளாட் என்றால் எது?

நம்ம ஊரில் 'பிளாட்' என்றால் கல் ஊன்றிய மனை. சென்னையில் அதே வார்த்தைக்கு மாடி வீடு என்று அர்த்தம். குழப்பம் இங்கேதான் தொடங்குது.

மாடி வீட்டுக்காரருக்குத் தனியாக மனை கிடையாது. மொத்த நிலத்தில் 'பிரிக்கப்படாத பாகம்' மட்டுமே அவர் பெயருக்கு வரும். யு.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். 24 சென்ட் இடத்தில் ஒரே அளவில் 40 வீடு கட்டினால், ஒரு வீட்டுக்கு அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல், அதாவது சுமார் 261 சதுர அடி. மாடி ஏற ஏற, வீடுகள் கூடக் கூட இந்தப் பாகம் சுருங்கும். வேலி போடவும் முடியாது.

கட்டிடத்துக்கு வயசாகும், மண்ணுக்கு ஆகாது. தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அப்போது கையில் நிற்பது அந்தப் பாகம்தான். எனவே பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது டைல்ஸ், லிப்ட் அல்ல, இந்த அளவைத்தான்.

மவுலிவாக்கம் பயங்கரம்

2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி சாயங்காலம். மழை நேரம். சென்னை போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி குடியிருப்பு சரிந்து 61 பேர் பலியானார்கள். பெரும்பாலானோர் பிழைப்பு தேடி வந்த தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடமும் 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இத்தனைக்கும் அது திட்ட அனுமதி வாங்கிக் கட்டியதுதான்! அப்ரூவல் பேப்பரை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்தவர்கள் தவித்துப் போனார்கள்.

ரெரா நம்பர் இருக்கா?

அதன் பிறகு வந்ததுதான் 2016-ம் ஆண்டின் 'ரெரா' சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால், பதிவு செய்யாமல் விளம்பரமே கொடுக்கக் கூடாது. வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தக் கட்டிடத்துக்கென தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. "இன்னைக்கு கட்டினா விலை குறைவு" என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லலாம்.

சாவி வாங்கி 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் இருந்து 30 நாளுக்குள் கட்டிய நிறுவனமே சொந்தச் செலவில் சரி செய்து தரணும்.