ஆசிரியர் ஏன் மீண்டும் படிக்கிறார்?



ஓர் ஆசிரியர் கல்வித் தொழில்நுட்பத்தில் முதுகலைப் பட்டம் படிக்கிறார் என்றால், 'கணினியைத் தட்டவா இத்தனை படிப்பு?' என்று கேட்பவர்கள் உண்டு.

பால்வெட்டும் கத்தி எவர் கையிலும் இருக்கலாம். எவ்வளவு ஆழம் வெட்டினால் மரம் கெடாமல் பால் வடியும் என்று அறிவதே தொழில். கல்விக் கருவிகளும் அப்படித்தான். நம் நாட்டில் பள்ளி வானொலி 1966-இலும் கல்வித் தொலைக்காட்சி 1972-இலும் தொடங்கின. பின்னர் கணினி வந்தது. 'பிள்ளைக்குப் புரிந்ததா?' என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

இந்தப் படிப்பு அக்கேள்வியைத்தான் ஆராய்கிறது. பாடத்தின் நோக்கம் என்ன, பிள்ளைக்கு முன்பே தெரிந்தது எது, படம் வேண்டுமா, ஒலி வேண்டுமா, கரும்பலகையே போதுமா என்று ஆசிரியர் திட்டமிடப் பழகுகிறார். கற்பித்தபின் சோதித்து, குறையைத் திருத்துகிறார்.

2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியைப் பல பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளை நாம் அறிவோம். அத்தகைய வீட்டுக்கு நேரலைப் பாடத்தைவிட அச்சிட்ட பயிற்சித்தாளே உதவும். இதைக் கண்டு முடிவெடுப்பதும் தொழில்நுட்ப அறிவுதான்.

இளங்கலைப் பட்டம் பெற்ற ஆசிரியர் இதற்காக வேலையை விடவேண்டியதில்லை. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலை செய்வோருக்கான பட்டக்கல்வியை 1971-லேயே தொடங்கியது. இன்று பகுதிநேரமாக முதுகலை பயிலவும் வழியுண்டு.

ஆகவே, பள்ளிக்குப் புதிய கருவி வரும்போது, 'இதனால் எங்கள் பிள்ளை எதைக் கற்பான்?' என்று ஆசிரியரை அன்போடு கேட்போம். படித்த ஆசிரியர் அக்கேள்வியை மகிழ்ந்து வரவேற்பார்.