செம்பில் வடித்த தத்துவம்

சமய உண்மைகளை ஏட்டில் எழுதிய தமிழர், எழுத்தறியாதாரும் கண்டுணரும் வண்ணம் அவற்றைச் செம்பிலும் வார்த்து வைத்தனர். அத்தகைய திருமேனிகள் பலவற்றை ஒருங்கே காணத்தக்க இடம், 1851ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடமாகும்.

உருவமும் உட்பொருளும்

இக்கூடத்தின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்று திருவாலங்காட்டு நடராசர் திருமேனி. ஆடல்வல்லானின் வடிவம் இறைவனின் ஐந்தொழில்களை உணர்த்துவதாகச் சைவ சித்தாந்தம் கூறும். துடி ஏந்திய கை படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும். காலடியில் கிடக்கும் முயலகன் ஆணவத்தின் உருவகம்.

திருவெண்காட்டு மாதொருபாகன் திருமேனியோ சிவமும் சத்தியும் பிரிவிலாப் பொருள் என்பதைக் காட்டுகிறது. வலப்பாதியில் அகன்ற தோளும் இரு கைகளும். இடப்பாதியில் ஒசிந்த இடையும் ஒரே கையும். வேறுபட்ட இரு பாதிகளும் முரணின்றி ஓருடலாய் இயைந்திருப்பது சிற்பியின் திறம்.

மெழுகில் பிறக்கும் வடிவம்

தேன்மெழுகுடன் குங்கிலியம் கலந்து, சிற்பி முதலில் மெழுகுருவைச் செய்வார். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவார். சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகம் வார்க்கப்படும். ஆறியபின் மண் அச்சை உடைத்தே திருமேனியை எடுக்க இயலும். எனவே ஓர் அச்சில் ஒரு திருமேனியே பிறக்கும். அதைப் போன்ற மற்றொன்று அந்த அச்சிலிருந்து பிறப்பதில்லை.

காக்க வேண்டிய செல்வம்

இதனாலேயே ஒரு திருமேனியின் இழப்பு ஈடுசெய்ய முடியாததாகிறது. படையெடுப்புக் காலங்களில் மக்கள் இவற்றை மண்ணில் புதைத்துக் காத்தனர். இன்றைய பகை களவு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை சென்று, 2014ஆம் ஆண்டிலேயே இந்தியா திரும்பினார்.

கோயிலில் பட்டும் மாலையும் அணிந்து வழிபாடு பெறும் திருமேனி, அருங்காட்சியகத்தில் முழுவடிவையும் காட்டிப் பாடம் சொல்கிறது. ஆயினும் தன் ஊரையும் விழாவையும் பிரிந்தே நிற்கிறது. பார்ப்பவர் அதன் பொருளை உணரும்போதுதான் அப்பிரிவு பயனுடையதாகும். கையும் காலும் சொல்லும் பொருளை அறிந்தவரே அதனைக் காக்கவும் முன்வருவர்.