மறைந்த வீராங்கனையும் மறையாத சந்தேகமும்

பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை 10.49 விநாடி. அமெரிக்காவின் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988 ஜூலை 16 அன்று இண்டியானாபொலிஸில் ஓடியது. அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் 3 தங்கமும் 1 வெள்ளியும் வென்றார். 1998இல், 38 வயதில் இறந்தார். அவர் ஊக்கமருந்து எடுத்தாரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

சந்தேகம் எதனால்?

1988க்கு முன் அவரது சிறந்த நேரம் 10.96. உடற்கட்டும் அந்த ஆண்டில் மாறியிருந்தது. முன்னறிவிப்பில்லாத கட்டாயச் சோதனைகள் வரவிருந்த 1989இல் ஓய்வை அறிவித்தார். வளர்ச்சி ஹார்மோனைத் தான் அவருக்கு விற்றதாக சக வீரர் டாரெல் ராபின்சன் கூறினார், ஃபுளோரன்ஸ் மறுத்தார்.

மறுதரப்பு என்ன?

எந்தச் சோதனையிலும் அவர் சிக்கவில்லை. ஓட்ட வீரர் பென் ஜான்சன் ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்ட சியோலிலும் அவரிடம் தடை மருந்து தென்படவில்லை. 10.49 பந்தயத்தில் காற்றுமானி பூஜ்யம் காட்டியபோது, அருகிலிருந்த மும்முறைத் தாண்டுதல் களத்தில் விநாடிக்கு 4.3 மீட்டர் காற்று பதிவானது. சாதனைக்கு அனுமதி 2 மீட்டர்தான். அதனால் அந்த வேகத்துக்குக் காற்று உதவியிருக்கலாம். ஆனால் மறுநாளே 10.61 ஓடினார், எல்லாவற்றையும் காற்றின் கணக்கில் எழுத முடியாது.

மரணம் எதை நிரூபிக்கிறது?

மூளை ரத்தக்குழாயில் இருந்த பிறவிக் கோளாறு, தூக்கத்தில் வலிப்பு, அதனால் மூச்சுத்திணறல் என்றது பிரேதப் பரிசோதனை. மருந்துதான் உயிரைப் பறித்தது என்பதற்கு ஆதாரமில்லை. ஸ்டீராய்டு சோதனைக்குப் போதிய சிறுநீர் கிடைக்காததால், அவரைக் களங்கமற்றவர் என்று காட்டவும் வழியில்லாமல் போனது. பதில் சொல்ல முடியாதவர்மீது குற்றம் சுமத்துவது அநீதி. பயிற்சிக் காலத்தில் மருந்து எடுத்து, பந்தய நாளுக்குள் உடலைச் சுத்தமாக்கிக்கொள்ள இடம்கொடுத்த அன்றைய சோதனை முறையே முதல் குற்றவாளி.

நமக்கு என்ன பாடம்?

உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பு 1999இல் உருவானது. இன்று மாதிரிகளை 10 ஆண்டுகள் வரை வைத்திருந்து மறுபடி சோதிக்கலாம். உடலில் தடை மருந்து இருந்தால் பொறுப்பு ஓடியவருக்கே. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தானாகவே விடுதலை தராது. 2019இல் தோகாவில் ஆசியத் தடகளத் தங்கம் வென்ற திருச்சி ஓட்ட வீராங்கனை கோமதி மாரிமுத்து சோதனையில் சிக்கினார், தவறு செய்யவில்லை என்று சொன்னபோதும் பதக்கத்தை இழந்தார். 4 ஆண்டு தடையும் பெற்றார்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து நாளை ஒரு பெண் மாநிலப் போட்டிக்கு ஓட வரலாம். யாரோ கொடுக்கும் சத்துப் பொடியையோ ஊசியையோ கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது என்று அவளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டும். மாவட்டத்தின் விளையாட்டு அதிகாரிகளும் உடற்கல்வி ஆசிரியர்களும் இதைப் பயிற்சியின் பகுதியாக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் நேர்மையான சோதனைதான், அவள் வென்ற பிறகு ஊர்வாய்க்குச் சொல்லும் பதில்.