மண்டைக்குள் ஒரு பனிப்புகார்

வாசித்த பக்கத்தையே திரும்ப வாசிக்கிறோம். அறைக்குள் போய் நின்று, எதை எடுக்க வந்தோம் என்று யோசிக்கிறோம். தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வருவதில்லை. இதற்கு ஆங்கிலத்தில் 'பிரெய்ன் ஃபொக்' என்கிறார்கள். நுவரெலியாப் பக்கம் காலையில் இறங்கும் பனிப்புகார் மாதிரி ஒன்று மண்டைக்குள் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கொரோனாவில் இருந்து தேறிய பலர் மாதக்கணக்கில் இப்படி அவதிப்பட்ட பிறகுதான், 2020க்குப் பின் இந்தச் சொல் எல்லோர் வாயிலும் அடிபடத் தொடங்கியது. இது ஒரு நோயின் பெயரல்ல. பல காரணங்களால் வரக்கூடிய ஓர் அறிகுறி, அவ்வளவுதான்.

நம் ஊர்களில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. பிள்ளைக்கு வந்தால் சோம்பல், குமருக்கு வந்தால் கண்ணூறு, வயதானவருக்கு வந்தால் "மறதி வந்திட்டு". பெயரை வைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் தேடுவதில்லை. எனக்குக் கவலை தருவது இதுதான்.

என் சாச்சிக்கு பல வருடமாகச் சீனி வருத்தம். "மண்டைக்குள்ள ஒண்டும் நிக்குதில்ல மகன், கறிக்கு உப்புப் போட்டனா இல்லையாண்டும் தெரியல்ல" என்று அவ சொல்லத் தொடங்கியபோது வயது அறுபதுகூட ஆகவில்லை. வீட்டில் ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் கால் விறைப்பும் சேர்ந்து வந்த பிறகுதான் ஒரு வைத்தியர் இரத்தத்தில் வைட்டமின் பி12 எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். மிகக் குறைவு. இறைச்சியும் மீனும் தாராளமாகச் சாப்பிடுகிறவவுக்கு எப்படிக் குறைந்தது? சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்ஃபோமின் குளிசை, நீண்டகாலம் பாவிக்கும் சிலரின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இது புதிய செய்தி அல்ல. அறிகுறி உள்ளவர்களுக்குப் பி12 அளவைப் பரிசோதிக்கும்படி பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபை 2022இல் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியும் இருக்கிறது. ஊசி போடத் தொடங்கிச் சில மாதங்களில் சாச்சி பழையபடி கணக்கு வழக்குப் பார்க்கத் தொடங்கினா. மெட்ஃபோமினை அவ நிறுத்தவில்லை. வாசிப்பவர்களும் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

எல்லோருடைய புகாரும் குளிசையால் வருவதில்லை. நான் பார்த்த அளவில் பெரும்பாலானோருக்கு முதற்காரணம் தூக்கம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் இரவுக்கு ஆறு மணித்தியாலம் மட்டும் தூங்கவிடப்பட்டவர்களின் கவனம், ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் கவனத்தைப் போல் தேய்ந்து போனது. அதைவிட முக்கியமானது, அவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. "எனக்கு ஆறு மணித்தியாலம் காணும்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அளக்கிற தராசே பழுதாகிக் கிடக்கிறது.

நம் நாளைப் பாருங்கள். இஷாவுக்குப் பிறகு சாப்பாடு, அதன் பிறகு பேச்சு, அதன் பிறகு படுக்கையில் கிடந்தபடி ஃபோன். பன்னிரண்டு தாண்டிவிடும். சுபஹுக்கு எழும்ப வேண்டும். நான்கரை, ஐந்து மணித்தியாலம்தான் மிச்சம். எழும்பும் நேரத்தை நம்மால் மாற்ற முடியாது, படுக்கும் நேரத்தைத்தான் மாற்றலாம். பகலில் கைலூலாத் தூக்கம் உதவும், ஆனால் இருபது நிமிடம் போதும். ஒரு மணித்தியாலம் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழும்ப நேரும், முன்னதைவிட மந்தமாக இருக்கும்.

அடுத்தது தேத்தண்ணி. விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் தூக்கத்தை வரவழைக்கிறது. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் அதன் இருக்கையில் போய்க் குந்திக்கொள்கிறது. களைப்பு போகவில்லை, மறைந்திருக்கிறது. குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணித்தியாலம் ஆகும். அஸருக்குப் பிறகு குடித்த சாயம் கூடின பிளேன்டீ, இரவு பத்து மணிக்கும் பாதி உடம்பில் நிற்கும்.

நோன்பின் முதல் மூன்று நாள் தலையிடியும் மந்தமும் பசியால் மட்டும் வருவதல்ல. கஃபீனுக்குப் பழகிய உடம்பில், கடைசியாகக் குடித்துப் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் அந்தத் தலையிடி தொடங்கி, சில நாளில் தானாக அடங்கும். ஷஃபான் மாதத்திலேயே நாளுக்கு ஐந்து கோப்பையை நாலாக்கி, மூன்றாக்கி, பகல் தேத்தண்ணியை முதலில் விட்டுவந்தால் ரமழானின் முதல் வாரம் இலேசாகக் கழியும்.

தேத்தண்ணியில் இன்னொரு சங்கதியும் உண்டு. சோற்றோடு அல்லது சாப்பிட்ட கையோடு குடித்தால், கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். மாதவிடாயால் இரும்பு இழக்கும் பெண்களுக்கு இது பெரிய விஷயம். இரும்பு குறைந்தால் களைப்பு, மூச்சு வாங்கல், எதிலும் மனம் ஒன்றாமை எல்லாம் வரும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடித்தால் போதும். கீரைச் சுண்டலில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் இன்னும் நல்லது.

நடை பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் சுருக்கமாக. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஓராண்டு, வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிடம் நடந்தார்கள். ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகெம்பஸ் என்ற பகுதி அவர்களுக்குச் சுமார் 2 வீதம் பெருத்தது, மற்றவர்களுக்குச் சிறுத்தது. ஆண்களுக்குக் கடற்கரை இருக்கிறது, மைதானம் இருக்கிறது. நம் பெண்கள் எங்கே நடப்பது என்று எந்தப் பள்ளி நிர்வாகமாவது, பிரதேச சபையாவது யோசித்திருக்கிறதா? அதுவரை மச்சியும் மதினியும் சேர்ந்து சுபஹுக்குப் பிறகு ஒழுங்கைக்குள் நடந்தாலும் நடைதான்.

தடிமனுக்குக் கடையில் வாங்கிப் போடும் பிரிட்டோன் குளிசையும் புகாரை இறக்கும். அதில் உள்ள குளோர்பெனிரமைன் தூக்கத்தை மட்டுமல்ல, ஞாபகத்தையும் மழுங்கடிக்கும், வயதானவர்களுக்குக் கூடுதலாக.

திடீரென்று பேச்சுக் குழறினால், வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால் இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. பழகிய பாதை தவறினால், காசு எண்ணத் தடுமாறினால் நாள் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் ஒரு மாதம் தூக்கத்தையும் தேத்தண்ணியையும் சரிசெய்து பார்த்து, அப்படியும் தெளியாவிட்டால் இரத்தத்தின் அளவு, சீனி, தைரொயிட், பி12 பற்றிக் கேளுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள குளிசைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையில் வாங்கிய பிரிட்டோனையும் சேர்த்து.