குளக்கரையில் ஒரு வேலை: கல்லூரி நீச்சல் துணைப் பயிற்சியாளர்

"சார், பையன் நல்லா நீந்துவான். ஆனா அதை வச்சு என்ன வேலை கிடைக்கும்?"

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தாயார் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. சித்தூர் தாலுகாவில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறங்கி நீச்சல் பழகிய தலைமுறை நாம். பீர்மேடு, மூணாறு எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஆற்றுக் கயம்தான் குளம். நீச்சல் தெரிந்தால் உயிர் பிழைக்கலாம் என்று நமக்குத் தெரியும். அதை வைத்துப் பிழைப்பு நடத்தலாமா என்று யோசித்தவர்கள் குறைவு.

சஜன் பிரகாஷை எல்லோரும் அறிவோம். 1993-ல் இடுக்கியில் பிறந்து, தாயார் வேலை பார்த்த நெய்வேலியில் வளர்ந்து, அங்கேயே நீச்சல் கற்றவர். நம்மைப் போலவே மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாழ்ந்த குடும்பம். 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடிகளில் முடித்து, ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் ஆனார். தகுதி நேரம் 1:56.48. வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு! அவருடைய பயிற்சியாளர் எஸ். பிரதீப்குமார் 2016-ல் துரோணாச்சாரியார் விருது பெற்றவர்.

அந்தப் பத்தில் ஒரு பங்கைத் தேடுவதுதான் கரையில் நிற்பவரின் வேலை. தலைமைப் பயிற்சியாளர் திட்டம் போடுவார். துணைப் பயிற்சியாளர் விடியற்காலையிலேயே குளத்துக்கு வந்து ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக நிற்பார். 50 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் என்றால் நான்கு நீளம். ஒவ்வொரு நீளத்துக்கும் நேரத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும், எத்தனை தடவை கை வீசினான் என்றும் எண்ண வேண்டும். மூன்றாவது நீளத்தில் கைவீச்சு கூடியும் நேரம் குறையவில்லை என்றால், பிள்ளை தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே அடிக்கிறான் என்று அர்த்தம். அப்போது இன்னும் வேகமாகப் போ என்று கத்துவதில் பயனில்லை. கை உள்ளே நுழையும் விதத்தைத் திருத்த வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம்.

இனி வழி. நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். நம் நாட்டுக் கல்லூரிகளில் 'நீச்சல் துணைப் பயிற்சியாளர்' என்று நிரந்தரப் பதவி பொதுவாகக் கிடையாது. இருப்பது உடற்கல்வி இயக்குநர் பதவி, அதாவது நாம் சொல்லும் பிசிக்கல் டைரக்டர். யுஜிசியின் 2018 விதிப்படி அதற்கு உடற்கல்வியில் முதுகலைப் பட்டம், 55 சதவீத மதிப்பெண், நெட் தேர்ச்சி (அல்லது விதிப்படியான பிஎச்.டி.), பல்கலைக்கழக அளவில் விளையாடிய சான்று எல்லாம் கேட்பார்கள். உடல்தகுதிச் சோதனையும் உண்டு: 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டரும், பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். தொப்பை போட்டபின் விண்ணப்பிக்க வேண்டாம்!

பயிற்சியாளர் என்ற பெயரோடே வேலை வேண்டுமானால் வாசல் வேறு. 1961-ல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சி டிப்ளமோ, பேச்சில் 'என்.ஐ.எஸ்.' என்பார்களே, அதை முடிக்க வேண்டும். இந்திய விளையாட்டு ஆணையத்தில் துணைப் பயிற்சியாளர் என்பதே ஒரு பதவி. அங்கிருந்து பயிற்சியாளர், முதுநிலைப் பயிற்சியாளர் என்று ஏறலாம். ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கிறது. அது தொடங்குவதற்கு நல்லது, ஆனால் டிப்ளமோவுக்கு ஈடாகாது. இந்த வேறுபாடு தெரியாமல் ஏமாந்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல்கலைக்கழகங்களிலேயே துணைப் பயிற்சியாளர் முழுநேர ஊழியர்; புதிய நீச்சல்காரர்களைத் தேடிப் பிடிப்பதும் அவர் பொறுப்பு. ஆனால் முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில்கூட 'தன்னார்வப் பயிற்சியாளர்' என்று சம்பளமே இல்லாமல் நின்றவர்கள் இருந்தார்கள். 2023 ஜூலையில்தான் அந்த வகையை ஒழித்தார்கள். பொறுமைக்குப் பலனும் இருக்கிறது. 2024-ல் பாப் போமன் அரிசோனா ஸ்டேட்டை விட்டு டெக்சாஸ் போனபோது, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஹெர்பி பேம் தலைமை இடத்துக்கு வந்தார்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இதுதான்: "பையனை டிகிரி படிக்க வைங்க அம்மா. தமிழ்லயே படிக்கணும்னா சித்தூர் அரசுக் கல்லூரியில தமிழ்த்துறை இருக்கு. படிக்கும்போதே பல்கலைக்கழக டீம்ல இடம் பிடிக்கட்டும், அந்தச் சான்றிதழைப் பத்திரமா வச்சுக்கட்டும். அப்புறம் ரெண்டு வருஷம் பி.பி.எட்., ரெண்டு வருஷம் எம்.பி.எட். இடையில ஒரு வருஷம் என்.ஐ.எஸ். முடிச்சிட்டான்னா ரெண்டு வாசலும் திறந்திருக்கும். திருவனந்தபுரம் காரியவட்டத்துல லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி 1985-லிருந்து இருக்கு. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920-லிருந்து இருக்கு. எது தோதோ அதுல சேருங்க."

"அஞ்சாறு வருஷமா சார்?" என்றார்.

"டிகிரியையும் சேர்த்தா எட்டும்மா" என்றேன்.