டர்போ கார் இழுக்கவில்லையா? டர்போவை மாற்றும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. ஆக்சிலேட்டரை முழுசா மிதித்தாலும் பிக்கப் இல்லை. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிகிறது. உடனே பலரும் சொல்வது, 'டர்போ போச்சு' என்பதுதான். ஆனால் கோளாறு டர்போவில் இல்லாமல், டேங்கில் இருந்து இன்ஜினுக்கு எரிபொருள் போகும் வழியிலும் இருக்கலாம். இரண்டுக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றே. செலவுதான் வேறு!

மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலில் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும் ஸ்விஃப்ட், டிசையர் போன்ற 1.3 லிட்டர் டர்போ டீசல் கார்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கைமாறி இன்றும் ஓடுகின்றன. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் இருந்து மதுரைக்கோ, குற்றாலத்துக்கோ இப்படி ஒரு காரில் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நான்கு வழிச்சாலையில் லாரியை முந்தும்போது வண்டி பவரை இழந்தால், அது உயிர்ப் பிரச்னை.

எரிபொருள் எப்படிப் போகிறது?

டர்போவின் வேலை காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது. அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவு எரிபொருளும் வர வேண்டும். டீசல் காரில் டேங்க், ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் என்ற வரிசையில் டீசல் பயணிக்கிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தம் 2 பார் சொச்சம்தான். ஆனால் இந்த ரெயிலில், வண்டி நின்று ஓடும்போதே 250 முதல் 300 பார் வரை இருக்கும். முழு லோடில் 1,600 பாரைத் தொடும். தேவையான அழுத்தம் வரவில்லை என்றால், கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிடும். இதைத்தான் 'லிம்ப் மோடு' என்கிறார்கள்.

புகையைக் கவனியுங்க

டீசல் காரில் வண்டி இழுக்காமல் கரும்புகையும் தள்ளினால், காற்று போதவில்லை என்று சந்தேகிக்கலாம். டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். கரிசல் மண் புழுதியில் ஓடும் வண்டிகளில் ஏர் ஃபில்டரை முதலில் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் பவர் மட்டும் குறைந்தால், டீசல் போதவில்லை என்ற பக்கம் சந்தேகம் திரும்பும். பிஎஸ்-6 கார்களில் சைலன்சர் பக்கம் உள்ள வடிகட்டி புகையைப் பிடித்துக்கொள்வதால், புகையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

எந்த வரிசையில் சோதிப்பது?

1. டீசல் ஃபில்டர்: செலவு குறைந்த இடத்தில் இருந்து தொடங்குங்க. ஃபில்டரில் உள்ள டீசலைக் கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பார்த்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும்.

2. ஏர் லாக்: ஹோஸில் சின்ன விரிசல் இருந்தாலும் காற்று உள்ளே புகும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது இதன் அறிகுறியாக இருக்கலாம்.

3. ஸ்கேனர்: 'பி0087' என்ற கோடு வந்தால் ரெயில் அழுத்தம் குறைவு. 'பி0299' என்றால் டர்போ அழுத்தம் குறைவு. கோடு வந்தது என்பதற்காக உடனே பார்ட்ஸ் மாற்றக் கூடாது. வண்டியை ஓட்டியபடியே, கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தத்தையும் ரெயிலில் உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும். மிதிக்க மிதிக்க இடைவெளி கூடினால், எரிபொருள் பக்கம்தான் பிரச்னை.

4. இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்: ஒவ்வொரு இன்ஜெக்டரில் இருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனியாக அளப்பார்கள். ஒன்றில் மட்டும் மிக அதிகமாக வந்தால், அழுத்தம் அங்கேதான் கசிகிறது.

5. ஹை பிரஷர் பம்ப்: சென்சார், ஒயரிங் எல்லாம் சரி என்று உறுதியான பிறகு, கடைசியாகத்தான் பம்ப் மீது கை வைக்க வேண்டும்.

பெட்ரோல் டர்போ என்றால்?

டீசல் குறைந்தால் பெரும்பாலும் பவர் மட்டும்தான் குறையும். டர்போ பெட்ரோல் காரில் லோடு ஏறும் நேரத்தில் பெட்ரோல் குறைந்தால், உள்ளே சூடு எகிறி 'டக டக' என நாக்கிங் வரும். அப்படியே விரட்டினால் பிஸ்டனே சேதமாகலாம். சத்தம் கேட்டால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுங்க.

இதை மட்டும் செய்யாதீங்க!

பழைய டீசல் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பட்டறைப் பழக்கம். காமன் ரெயில் இன்ஜினில் இது பேராபத்து. ஊசி முனை அளவு கசிவில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம். பட்டாசு குடோன், கடை அருகே வண்டி நின்றுவிட்டால், எரிபொருள் பைப்பை அங்கே கழற்றவே கூடாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வேறு இடத்தில் பாருங்க.

தவிர்ப்பது எப்படி?

ரிசர்வ் விளக்கு எரியும் வரை ஓட்டும் பழக்கத்தை விடுங்க. ஹை பிரஷர் பம்ப்புக்கு மசகே டீசல்தான். எரிபொருளில் சந்தேகம் வந்தால், பங்க்கில் அடர்த்திப் பரிசோதனை செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. ஃபில்டரை மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்க.

'டர்போ மாத்தணும்' என்று மெக்கானிக் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ரெயில் பிரஷர் எவ்வளவு, பூஸ்ட் பிரஷர் எவ்வளவு காட்டுது?" இரண்டு எண்களும் கைக்கு வந்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.